உங்கள் கால்மேல் போட்ட பழி

அக்கா,

இன்று காலை சிகிச்சைக்கு வந்த பெண்ணின் நகக்கண்ணில் இன்னும் அலுமினியப் பொடி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் உங்கள் பாதம்தான் ஞாபகம் வந்தது. போன வாரம் உங்கள் பட்டாசுக் கம்பெனியில் வெடித்து நீங்கள் உயிர்விட்டபோது, பக்கத்து அறையிலிருந்து குதித்துக் கால் பிசகியவள் அவள். கட்டைப் பிரிக்கும்போது தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அந்தக்காவுக்குக் கால் சரியில்லைல்ல, அதான் ஓட முடியலன்னு ஊரே பேசுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீங்கள் முதன்முதலில் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. வேனிலிருந்து இறங்கும்போது பாதம் உட்பக்கமாக மடங்கி, கணுக்கால் கரண்டையின் வெளிப்பக்கத் தசைநார் கிழிந்திருந்தது. சுளுக்கு என்று நினைத்து மூன்று நாள் எண்ணெய் போட்டு வழித்துவிட்டு, பூசணிக்காயாக வீங்கிய பிறகுதான் என்னிடம் வந்தீர்கள். திட்டினேன். திட்டு முடியும்வரை காத்திருந்து, "எப்ப ஓடலாம்?" என்று மட்டும் கேட்டீர்கள். ஓட முடியாதவர்களை வெடிமருந்து அறைக்குள் விடமாட்டேன் என்று ஃபோர்மேன் சொல்லியிருந்தாராம்.

கரண்டையைத் தாங்கிப் பிடிக்க நல்ல ஷூ வாங்கச் சொன்னேன். சிரித்துவிட்டீர்கள். "செருப்பையே வெளிய கழட்டிட்டுத்தான் உள்ள போகணும் டாக்டரம்மா. ஒரு உரசு போதும், அம்புட்டும் போயிரும். நீங்க ஷூ போடச் சொல்றீக." நான் படித்த படிப்பெல்லாம் ஷூ போட்ட காலுக்குத்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வெறுங்காலுக்கென்று பயிற்சியை மாற்றினோம். நார் ஆறினால் மட்டும் போதாது, தரையை உணரக் கரண்டை மறுபடி பழக வேண்டும். ஒற்றைக்காலில் நிற்பது, கண்ணை மூடிக்கொண்டு நிற்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது. வேனுக்குக் காத்திருக்கும்போதும் ஒற்றைக்காலில் நின்று 'கொக்கு' என்று பெயர் வாங்கினீர்கள்.

கடைசி நாளில் வாசல்வரை ஓடிக்காட்டச் சொன்னேன். தெருமுனைவரை போய்த் திரும்பினீர்கள். "வாசலோட நிக்கிறதுக்கா டாக்டரம்மா ஓடுறது?"

அந்தக் கால் ஓடவில்லையாம்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். தலை குனிந்தபடியே அவள் சொன்னாள்: "அக்கா ஓடி வந்துச்சு. உள்ளயிருந்து கதவைத் தட்டுன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. வெளிய கதவை மறிச்சு தீபாவளி லோடு, பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருந்தாக. கதவு திறக்கல."

நாளை விசாரணை. அவளும் சாட்சி சொல்ல வருகிறேன் என்கிறாள். உங்களுக்கு வைத்தியம் பார்த்தவள் என்று என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். கம்பெனி ஆள் ஒருவர் நேற்றே வந்து, "பழைய காயம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா" என்று பக்குவமாகப் பேசிவிட்டுப் போனார். அவர் முகத்துக்கு நேரே பதில் சொல்லாமல் விட்டதற்கு என்மேலேயே எனக்குக் கோபம். நாளைக்கு அந்தத் தப்பைச் செய்ய மாட்டேன்.

அழுகை வருகிறது, அக்கா. ஆனால் அதை அங்கே கொண்டுபோகப் போவதில்லை. நாலு மாதம் உங்கள் கரண்டையைப் பிடித்த கை இது. எந்த நார் எப்படி ஆறியது என்று இதற்குத் தெரியும். அவர்கள் எத்தனை முறை காலைப் பற்றிக் கேட்டாலும், நான் கதவைப் பற்றித்தான் சொல்வேன்.