மார்ச் பதினேழாம் தேதித் தாள்

ஆகஸ்ட் 11

அடுத்த வருஷத் தினசரிக் காலண்டருக்குப் பொன்மொழி அடித்து அடித்து விரல் மரத்துவிட்டது. பொறாமைப்படாதே, பொய் சொல்லாதே, கோபத்தை அடக்கு — திருத்தங்கல் அச்சகத்தில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறேன். பக்கத்து நாற்காலியில் பிழை பார்க்கும் கற்பகவல்லி என்னோடு பேசி இன்றோடு பத்து நாள்.

தப்பு என்னுடையதுதான். ஆனியில் விருதுநகர்க் கல்யாணத்துக்கு அவள் பட்டுச்சேலையை இரவல் வாங்கினேன். சாம்பார் கொட்டிவிட்டது. கறை உள்ளே போகும்படி மடித்துக் கொடுத்துவிட்டேன். ஆடி வெள்ளிக்குக் கட்ட அவள் பிரித்திருக்கிறாள். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன? பயம், வேறென்ன.

ஆகஸ்ட் 12

அவளுக்கு டீ வாங்கி வைத்தேன். ஆறிப்போனது.

ஆகஸ்ட் 14

மார்ச் 17க்கு மட்டும் பொன்மொழி அகப்படவில்லை. இடம் காலியாக இருந்தால் அளவு தெரியாதே என்று மனசில் வந்ததை அடித்து வைத்தேன்: 'சேலையில் சாம்பார் கொட்டியது நான்தான். மறைத்தது தப்பு.' பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 18

மாத்தலையே! மறந்தே போச்சே! ப்ரூஃபில் கற்பகம் கையெழுத்தும் போட்டுவிட்டாள், தாள் மெஷினில் ஓடுகிறது. நான் ஓடிப் போனபோது முதலாளி கையில் அந்தத் தாள்.

"ஏம்மா, இது என்ன பொன்மொழி?"

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். கற்பகம் முந்திக்கொண்டாள். "செஞ்ச தப்ப ஒத்துக்கிடணும்னு சொல்லுது முதலாளி. ரெண்டு தரம் வாசிச்சாத்தான் வெளங்கும்."

அவர் இரண்டு தரம் வாசித்தார். "ஆழமாத்தான் இருக்கு" என்று போய்விட்டார்.

"பிழை பாக்குறவ நீதான, ஏன் கோடு போட்டு அடிக்கல?" என்று கேட்டேன்.

"இதுல பிழை எங்கனடி இருக்கு? அம்புட்டும் நெசந்தான?"

பதினேழு நாள் கழித்து என்னிடம் பேசினாள். அழுதுவிட்டேன்.

செப்டம்பர் 5

நாத்தனார் மகள் கல்யாணத்துக்குக் கற்பகம் என் ஜிமிக்கியைப் போட்டுப் போயிருந்தாள். இன்று வாசல் தாண்டுமுன்பே, "மீனா, ஒண்ணு எங்கனயோ விழுந்துபோச்சுடி. ஒங்கிட்ட மறைக்க மாட்டேன்" என்று அழுதாள்.

போனால் போகட்டும் என்று அவளைக் கட்டிக்கொண்டேன். "எம்புட்டுப் பெரிய மனசுடி ஒனக்கு" என்று மூக்கைச் சிந்தினாள்.

ஜிமிக்கி கவரிங். தங்கம் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தேன்.

நாளைக் காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடுவேன். காலையில் என்றால் — மதியம் சாப்பிட்ட பிறகு.