தண்ணீர் வடிந்ததும் உன்னைத் தேடி வந்தேன்

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்ட என் அருமை இஸ்மாயில் பாய்க்கு,

நான் சொல்லச் சொல்ல உன் மகள் ஷாகிதா எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது என்பதுதான் உனக்குத் தெரியுமே. படிக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

பூந்தமல்லியில் மழை விட்டுவிட்டது. வலுவில்லாத புயல், கரைக்கு வருமுன்பே அடங்கிவிடும் என்று டிவியில் சொன்னார்கள். அடங்கத்தான் அடங்கியது, நகரவில்லை. நம் தலைமேலேயே நின்று கொட்டியது. டீக்கடை பெஞ்சில் நீ உட்காரும் பக்கம் தண்ணீர் ஏறி உட்கார்ந்திருந்தது.

கபர்ஸ்தான் மூழ்கிவிட்டது என்று கேட்டதும் ஷாகிதா அழுதாள். உன்னை அடக்கி மாதம்கூட ஆகவில்லையே, மண் எப்படி இறுகியிருக்கும்?

"மாமா, பொம்பளைங்க நாங்க உள்ள போவ மாட்டோம். அண்ணனும் துபாய்ல கீறான். அத்தா எடம் அப்டியே கீதான்னு நீங்கதான் பாத்துட்டு வரணும்" என்றாள்.

கபர்ஸ்தானுக்குப் போனேன். சேற்றில் ஒரு பச்சைத் தகரப் பலகை நின்றது. உன் பெயர்ப் பலகை பச்சை என்று எனக்கு நினைவிருந்தது. பக்கத்தில் குந்தி, என்னைத் தனியாக விட்டுப் போனதற்கு உன்னை நன்றாகத் திட்டினேன். கபர்ஸ்தான் காவல்காரர் வந்தார்.

"இன்னா பெர்சு, யார்கிட்ட பேசிகினு கீற?"

"இஸ்மாயில் பாய்கிட்ட."

"பலகை தண்ணில மிதந்து வந்து இங்க மாட்டிக்கிச்சுபா. நீ திட்டுனது இங்க படுத்துகினு கீற கறிக்கடை பாயை."

"வாங்கிக்கட்டும். எனக்கு எலும்பாதான போட்டாரு."

அவர் சிரித்தார். நான் எழுந்து சுற்றிலும் பார்த்தேன். எல்லா மேடும் கரைந்து ஒரே சேறு. அப்படியென்றால் நீ எங்கே? உன் பெண்ணிடம் என்ன சொல்வேன்?

உனக்குக் குழி தோண்டியபோது பூவரச மரத்தின் வேர் குறுக்கே வந்தது, கோடாலியால் வெட்டினார்கள். அது ஞாபகம் வந்தது. மரம் மரமாகப் பார்த்தேன். ஓரிடத்தில் மண் உள்வாங்கி, வெட்டுப்பட்ட வேர் வெளியே தெரிந்தது.

பலகையைத் தூக்கிவந்து நட்டேன். தலைகீழாக நட்டிருக்கிறேன், காவல்காரர்தான் திருப்பி வைத்தார். இரண்டு பேருமாக மண் அள்ளி மேடு கட்டினோம்.

இந்த இடத்தில் ஷாகிதா பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாய், எங்களை எரித்துவிடுவார்கள். என்னைத் தேடுவதற்கு ஓர் இடம் இருக்காது. தேட ஆளும் இல்லை. நீயாவது ஓரிடத்தில் இரு. கால் நடக்கிறவரை, ஒவ்வொரு மழை விட்டதும் நான் வருவேன்.

உன் மச்சான்,
கன்னியப்பன்