நான்கு எழுத்து முடியும்வரை

எருசலேம், திங்கட்கிழமை

அன்புள்ள எஸ்த்ரேயா,

உடம்பு தேறிவிட்டதா? பிள்ளை பெற்ற மூன்றாம் நாளே அடுப்படிக்குப் போயிருப்பாய், எனக்குத் தெரியும். போகாதே. நான் நலம்.

உன் அண்ணன் என்னைப் பற்றிக் குறை சொல்லியிருப்பார். அவர் இஸ்தான்புல்லிலிருந்து எதிர் டீக்கடைக்குப் போன் செய்தபோது நான் தோரா வேதச் சுருளில் ஆண்டவனின் நான்கெழுத்துப் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு எழுத்து முடிந்திருந்தது, இரண்டு பாக்கி. கடைக்காரர் சியோன் என் வாசலில் வந்து நின்று கத்தினார்: “நேசிம்! உனக்குப் பொண்ணு பொறந்திருக்கு! என்ன பேர் வைக்கிறதுன்னு மச்சான் லைன்ல கேக்குறாரு! காது அடைச்சுப்போச்சா?”

அந்தப் பெயரை எழுதும்போது அரசனே வந்து வணக்கம் சொன்னாலும் வாய் திறக்கக் கூடாதே! பிசகினால் சுரண்டித் திருத்தவும் முடியாது. அந்தத் தோல் ஏட்டையே புதைக்க வேண்டும். மீதி இரண்டையும் எழுதி முடித்தேன், எஸ்த்ரேயா. நான்கு எழுத்தும் வார்த்து வைத்ததுபோல நிற்கின்றன.

அதற்குள் உன் அண்ணன், “பெத்த பொண்ணுக்குப் பேர் சொல்லக்கூட அவனுக்கு வாய் வரலையா?” என்று போனை வைத்துவிட்டாராம்.

என் கம்பளிக் காலுறையை அனுப்பு, இங்கே குளிர். பிள்ளையின் கட்டைவிரலை மையில் தொட்டு ஒரு தாளில் ஒற்றி, அதையும் சேர்த்து அனுப்பு. தபால் எடுக்க வந்துவிட்டார்கள், முடிக்கிறேன்.

நாள் முழுக்க எழுதியும் நான் ஒருமுறைகூட உச்சரிக்காத பெயர், ஆண்டவனின் அந்தப் பெயர். எப்படி உச்சரிப்பது என்றே இன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் எழுதும் இறகைக் கீழே வைத்ததும் தெருவில் இறங்கி, கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்படி நம் மகளின் பெயரைக் கத்தினேன்: லூனா!

உன் நேசிம்