கம்பத்தில் வாங்கிய வேதியியல் புத்தகம்

போன செவ்வாய்க்கிழமை சித்திரபுரத்துப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். புதுக் கட்டடத் திறப்பு, நாலு வரிச் செய்தி. மாடிப்படி ஏறும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தது. கூட வந்த போட்டோகிராபர் மூக்கைப் பொத்திக்கொண்டு, எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது என்றார். எலி இல்லை, வேதியியல் லேப் என்று சொன்னேன். அதற்கு மேல் ஏறாமல் கொஞ்ச நேரம் படியிலேயே நின்றேன். உன் சேலையில் பதினாறு வருஷம் இருந்த நாற்றம் அது.

பீர்மேட்டு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை நாம் ஒரே பெஞ்ச். அதற்குப் பிறகு தமிழில் படிக்கக் கேரள மலையில் வழி இல்லை. மலைக்குக் கீழே, எல்லைக்கு அந்தப் பக்கம் கம்பத்தில் சித்தி வீடு இருந்ததால் நான் அங்கே போனேன். உனக்குக் கம்பத்தில் யாரும் இல்லை, தேயிலைக் கொழுந்து கிள்ளப் போனாய். பல வருஷம் கழித்து டவுன் பள்ளியில் லேப் உதவியாளர் வேலை கிடைத்தது. குடுவை கழுவுவது, அமிலம் அளந்து வைப்பது, பரீட்சை நாளில் உப்புகளைப் பொட்டலம் கட்டி நம்பர் போடுவது. பாட்டிலில் இருந்த இங்கிலீஷ் பெயர்களை முதலில் எழுத்தின் வடிவத்தை வைத்தே அடையாளம் கண்டதாக ஒருமுறை சொன்னாய்.

நாற்பத்தெட்டாவது வயதில், பிளஸ் டூ சயின்ஸ் எழுதலாமா என்று கேட்டாய். வீட்டில் இருந்தே படிக்கலாம், செய்முறைக்கு மட்டும் ஒரு பள்ளிக்குப் போனால் போதும். சம்பளம் கூடுமா என்று நான் கேட்டேன். என் நிருபர் தொழில் அப்படித்தான் கேட்க வைக்கும்.

"ஒத்தப் பைசா கூடாது. டெஸ்ட் ட்யூபுல பழுப்பு வளையம் வருதுல்ல, புள்ளைக ஆட்டிக் கலைச்சுருவாக. நான் ஊத்துனா ஒரு தடவ கூடத் தப்பாது. ஏன் வருது சேச்சின்னு கேப்பாக. போய் சார்ட்ட கேளும்பேன். பதினாறு வருசமா சார்ட்ட கேளு, சார்ட்ட கேளுன்னு சொல்லி வாய் வலிக்குதுடி."

முதலில் படித்துப் பார்ப்பது, மண்டையில் ஏறினால் விண்ணப்பம் போடுவது என்று நீயே ஒரு வழி வகுத்தாய். லேப் சாரின் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. தமிழில் வேண்டும் என்றாய். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பஞ்சாங்கம் என்று தமிழில் எது வேண்டுமென்றாலும் கம்பத்துக்கு இறங்கித்தானே நமக்குப் பழக்கம். அந்த வாரமே நம் பக்கத்து எல்லையான குமுளி வழியாகப் போய் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகம் வாங்கி வந்தேன். தாள் கிழிந்திருக்கிறதா, பக்கம் விட்டுப்போயிருக்கிறதா என்று கடையிலேயே புரட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நீ படித்தாய். மழையில் எஸ்டேட் லயத்து வீட்டில் கரண்ட் போனால் போன் பண்ணுவாய். கேட்பதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம். நான் யாரிடமாவது விசாரித்து மறுநாள் சொல்வேன். அதற்குள் நீயே கண்டுபிடித்திருப்பாய். "லேட்டு நியூசு" என்று சிரிப்பாய். ஜூலையில் ஒருநாள் போனை எடுத்ததும், வணக்கம்கூட இல்லாமல், வளையம் ஏன் வருகிறது என்று ஐந்து நிமிஷம் விளக்கினாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. உன் குரல் மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது, ஜெயித்த பஞ்சாயத்து வேட்பாளர் மாதிரி.

ஆகஸ்டில் இடைவேளையில் நீ மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை லேப் சார் எடுத்துப் பார்த்திருக்கிறார். "சேச்சி, இது தமிழ்நாட்டு சிலபஸ் அல்லே?" என்று கேட்டிருக்கிறார். நீ எழுத இருந்தது கேரளப் பரீட்சை. பாடத்திட்டமே வேறு.

வார்டு மெம்பரின் இனிஷியலைக்கூட இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் நான் எழுதுவேன். அன்றைக்கு எந்த அரசாங்கத்தின் புத்தகம் என்று அட்டையைப் பார்க்கவில்லை. தமிழ் என்றதும் நம்முடையது என்று நினைத்துவிட்டேன். சார் கேட்ட அன்றைக்கே நீ போனில் சொன்னாய்.

"ஏட்டி, ஊரு ஒலகத்துத் தப்பையெல்லாம் பேப்பர்ல போடுவியே, இதப் போடு பாப்போம்" என்றாய். பிறகு, "விடு. கார்பன் கம்பத்துல ஒண்ணு, குமுளில ஒண்ணாவா இருக்கப் போவுது?" என்றாய்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை உன் லயத்துக்கு வந்தேன். கட்டிலில் இரண்டு புத்தகங்களும் திறந்து கிடந்தன, சாரிடம் கேட்டு வாங்கிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று, நான் தந்தது ஒன்று. ஒவ்வொரு பாடத்தலைப்பாகப் பார்த்து, இரண்டிலும் இருப்பதற்கு நீ பென்சிலில் டிக் போட்டிருந்தாய். பாதிக்கு மேல் டிக் இருந்தது. விண்ணப்பப் படிவத்தில் பெயரும் பிறந்த தேதியும் எழுதி முடித்திருந்தாய். கையெழுத்து மட்டும் பாக்கி.

"சொல்லு. போடவா, வேண்டாமா?"

இந்த வருஷம் விடு என்றேன். சரியான புத்தகத்தோடு ஆரம்பத்தில் இருந்து படித்து அடுத்த வருஷம் எழுதினால் நல்ல மார்க் வரும் என்றேன். பிசிக்ஸ் இன்னும் தொடவே இல்லை என்றேன். நான் சொன்ன ஒவ்வொன்றும் சரிதான், எதையும் யாரும் மறுக்க முடியாது. நீ பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய்.

"இது எனக்காகச் சொல்றியா, இல்ல புத்தகம் மாத்தி வாங்கிட்டோமேன்னு ஒனக்காகச் சொல்றியா?"

"உனக்காகத்தான்" என்றேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். என்னை நம்பினாயா, இல்லை விட்டுக்கொடுத்தாயா என்று இத்தனை நாள் யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. "சரி, பத்திரிகைக்காரி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று படிவத்தை மடித்தாய்.

அடுத்த மார்ச்சில் காய்ச்சல் என்று படுத்தாய். பதினோரு நாள். அந்த வருஷத்து விண்ணப்பம் ஜூலையில்தான் வந்தது. துக்கம் கேட்க வந்த லேப் சார் என்னிடம் ஒன்று சொன்னார். நீ எழுதியிருந்தால் வேதியியலில் கண்டிப்பாகத் தேறியிருப்பாயாம். பிசிக்ஸ் பற்றி அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. நீ தோற்றிருக்கவும் கூடும். ஆனால் தோற்பதா வேண்டாமா என்பது உன் முடிவாக இருந்திருக்க வேண்டும்.

நீ எழுதித் தோற்றால் அது என் புத்தகத்தால் என்று ஆகிவிடும். எழுதாவிட்டால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனசில் ஓடியது இதுதான். இன்றைக்குத்தான் எழுதுகிறேன், அதுவும் படிக்க ஆள் இல்லாத இடத்துக்கு.

படிவத்தை மடித்துவிட்டு நீ அடுப்படிக்குப் போனாய், எனக்குப் பால் இல்லாத கட்டஞ்சாயா போட. நான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு வாரமாகத் தூங்காதவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. அப்பாடா என்று இருந்தது. வேறு எதை மறந்தாலும், இந்த அப்பாடா என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.