அவசரம் லேது

ஜூலை 2, புதன்

தூறல். துணி காயவில்லை. இன்று முதல் கயலின் நாலாம் வகுப்பில் நான் ‘மென்டர் பேரன்ட்’. புதன்தோறும் பத்து மணிக்கு ஐந்து பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு. அந்த ஐந்தில் கயலும் ஒருத்தி.

மதுரையில் வாய் ஓயாமல் பேசிய பிள்ளை. ஹைதராபாத் வந்த இரண்டு வருஷத்தில், தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறாள். வகுப்பிலாவது பக்கத்தில் உட்காரலாமே என்றுதான் பேர் கொடுத்தேன். இவரிடம் காரணம் சொல்லவில்லை. சிரிப்பார்.

ஏழாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டுக் கத்தவிட்டேன். தமிழில்தான், எனக்கு வேறென்ன வரும்? “ஏழெட்டு அம்பத்தாறு!” அமோகம். பக்கத்து வகுப்பு டீச்சரே எட்டிப் பார்த்தார். கயல் மட்டும் பெஞ்சுக்கடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது வகுப்பு டீச்சர் சிரித்துக்கொண்டே, “வச்சே வாரம் மீரு ராவால்சின அவசரம் லேதண்டி.”

அடுத்த வாரம் அவசரமாக ஓடிவர வேண்டாமாம். தங்கமான மனுஷி.

ஜூலை 9, புதன்

வெயில், அப்பாடா. அவசரமில்லையே என்று மாவு ஆட்டி, தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, பதினொன்றுக்குப் போனேன். டீச்சர் முகம் ஒரு மாதிரி. அவசரம் லேது என்றேனே என்று மறுபடி சொன்னார். என் தெலுங்கில் பெருமையாக, “நிதானங்கானே வச்சானு!” நிதானமாகத்தான் வந்தேன் என்று. திறந்த வாய் மூடவில்லை அவருக்கு.

எட்டாம் வாய்ப்பாடு. கயல் கத்தவில்லை. ஆனால் உதடு அசைந்தது, பார்த்தேன்.

வாங்க: கொத்தமல்லி, கிளிப், ஸ்கெட்ச் பேனா.

ஜூலை 10, வியாழன்

கீழ்வீட்டு சரோஜாக்கா, மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத். மொட்டைமாடியில் டீச்சரின் நல்ல குணத்தைச் சொன்னேன். கிளிப்பையெல்லாம் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

“அடியே, தெலுங்குல அவசரம்னா தேவை! நீ வரவே தேவையில்லன்னு சொல்லிருக்காங்க. நக்கோ, வேணாம், இனிமே அந்தப் பக்கமே போகாதே.”

மானம் போயிற்று. வராதே என்றவர் முன்னால் போய், தலைக்குக் குளித்து, நிதானமாக! கயலுக்குப் புரிந்திருக்குமே. வாயைத் திறந்தாளா, கழுதை.

ஜூலை 16, புதன்

போகவில்லை. பத்து மணிக்குப் பரணை ஒழித்தேன். இரண்டு முறை கடிகாரம் பார்த்தேன். அழுகையாக வந்தது, தூசி.

சாயங்காலம் கயல் ஷூவைக்கூடக் கழற்றாமல், ஏன் வரவில்லை என்றாள், தெலுங்கில். டீச்சர்தான் அவசரம் லேது என்றாரே, உனக்கும் தெரியும்தானே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டு, எத்தனையோ நாளுக்குப் பிறகு தமிழில்:

“சொன்னா நீ வரமாட்டல்ல. டீச்சருக்குத்தான் அவசரம் இல்ல. எனக்கு அவசரம்மா.”

தமிழ் அவசரமா, தெலுங்கு அவசரமா? கேட்கவில்லை. இரண்டும் எனக்குச் சம்மதம்.

டீச்சரிடம் அவளே போய்ப் பேசியிருக்கிறாள். அடுத்த புதன் வரலாமாம். ஒரே நிபந்தனை, கத்தக் கூடாது.

ஒன்பதாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துப் பார்த்தேன். மெல்லச் சொன்னால் ராகமே ஒட்டவில்லை. இவர் எட்டிப் பார்த்து, மந்திரமெல்லாம் பலமாக இருக்கிறதே, என்ன விரதம் இன்றைக்கு என்கிறார்.