ஸ்பிரிட்டால் துடைத்த ஸ்பானிஷ் பாட்டு

அண்ணை,

இன்று காலை வைத்தியசாலையில் புது ஸ்பிரிட் போத்தல் ஒன்றைத் திறந்தேன். மூக்கில் ஏறிய மணத்தோடு நீங்களும் வந்து நின்றீர்கள். செத்தவர்களை நினைக்க மற்றவர்கள் சாம்பிராணி போடுகிறார்கள். எனக்கு ஸ்பிரிட் போதும்.

இங்கே டென்மார்க்கில், வைலே நகரத்துப் பழம்பொருள் சந்தையில் அந்த இசைத்தட்டை நீங்கள் தூக்கியபோது நானும் பக்கத்தில் நின்றேன். கறுப்பு அரக்குத் தட்டு. ஓபரெட்டா என்கிற பாட்டு நாடகத்துக்கு யாரோ எழுதிய காதல் பாட்டை, ஒரு நடன இசைக்குழு பொக்ஸ்ட்ரொட் என்கிற துள்ளல் நடனத் தாளத்தில் ஓடவிட்டு ஸ்பானிஷில் பாடியிருந்தது. எங்கள் இருவருக்கும் ஸ்பானிஷில் ஒரு சொல்லும் தெரியாது. "நாடகத்தை விட்டு வந்து, பாஷையும் மாறி, அது கவலைப்படுதோ பாரும். துள்ளுது ஐசே" என்றீர்கள். பிறகு வீட்டில் சாவி கொடுக்கிற கிராமபோனில் அதைப் போட்டு, நீங்களாகவே ஒரு ஸ்பானிஷை உண்டாக்கிக் கூடப் பாடத் தொடங்கினீர்கள். உங்கள் மனுசி, எனக்கு அக்கா, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அகப்பை தாளம் போட்டது எனக்குக் கேட்டது. இந்தக் கோளை இன்றுதான் சொல்கிறேன்.

அக்காவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு, டெனிஷ்காரரைப் போல மண்டபம் எடுத்து, அந்தப் பாட்டுக்கு அவரோடு ஆடுவதென்று முடிவெடுத்தீர்கள். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் முதல் ஆட்டம். அவர் சம்மதித்ததே பெரிய காரியம். தட்டைச் சுத்தமாக்கும் பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். இருபது வருடமாக வைத்தியசாலை துடைப்பவனுக்கு ஒரு பாட்டைத் துடைக்கத் தெரியாதா? வேலைப் பழக்கத்தில் ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்தேன். துணி கறுத்தது. எத்தனை காலத்து அழுக்கு என்று பூரித்துப்போய் இன்னும் அழுத்தினேன். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்று அன்று எனக்குத் தெரியாது. துணியில் வந்தது அழுக்கில்லை, பாட்டு.

மண்டபத்தில் ஊசியை வைத்ததும் அப்பளம் பொரிகிற சத்தம் மட்டும் வந்தது. அக்கா ஏற்கெனவே நடுவில் வந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். சனம் முழுக்கப் பார்த்தது. நான் அவசரமாக டென்மார்க்கின் ஈரக் காற்றைக் குற்றம் சொன்னேன். நீங்கள் தட்டைத் தூக்கி ஒருதரம் மணந்து பார்த்தீர்கள். நேரே போய் அக்காவின் கையைப் பிடித்து, உங்கள் ஸ்பானிஷை வாயாலேயே பாடி ஆடினீர்கள். அவரின் காலை மிதித்தீர்கள். அக்கா சிரித்தார்; கையை விடவில்லை.

காரில் ஏறும்போது என் காதருகே கேட்டீர்கள்: "துணி கறுக்கக் கறுக்கச் சந்தோஷப்பட்டிருப்பீர், என்ன?" அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

போன மாதம் உங்கள் மகள் அதே பதிவைக் கைபேசியில் தேடிப் பிடித்தாள். அக்கா மரியாதையாக முழுவதும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது அவர் பாடினதில்லை, தம்பி. நீர் ஒருக்காப் பாடும்" என்றார்.

என் குரல் உங்களுக்குத் தெரியும். ஆனால் எந்த நாட்டிலும் இல்லாத அந்த ஸ்பானிஷ் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. பாடினேன். அக்கா கண்ணை மூடி, கதிரையில் இருந்தபடியே காலை மாற்றி மாற்றி வைத்தார்.

வருகிற ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார். ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதென்று, நோயாளிகள் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு, வேலையில் மெதுவாகப் பாடிப் பார்த்துக்கொள்கிறேன்.