மாமாவின் பீர் மெஷின்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நலமா இல்லையா என்பதைப் படித்து முடித்துவிட்டு நீயே சொல். போனில் பேசலாம்தான். இந்த இரண்டு அறை வீட்டில் நான் மூச்சு விட்டாலே உன் மாமா காதில் விழும். வெளியே போய்ப் பேசலாமென்றால் நடுரோட்டில் அழுதுவிடுவேன். அதனால் உன் ஊருக்கு லோடு கொண்டுவரும் மாடிவீட்டு டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்த கையோடு போன் பண்ணி என்ன அக்கா ஏது அக்கா என்று கேட்டு வைக்காதே.

சனிக்கிழமை மாமாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நீ பீப்பாயோடு வருவதாகச் சொல்லி, முன்கூட்டியே அனுப்பிய பழைய பீர் மெஷின் வந்து சேர்ந்தது. குட்டி பிரிட்ஜ், அதன் தலையில் ஒரு குழாய். உள்ளே பீப்பாயை வைத்துவிட்டு வேண்டும்போது கிளாஸில் பிடித்துக்கொள்ளலாமாம். யாரிடம் வாங்கினாயோ, அந்த மகராசன் வாங்கிய நாளிலிருந்து அதைக் கழுவியதே இல்லை. கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு நாற்றம். கதவு ரப்பர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். 'பிரிட்ஜ் மெக்கானிக் வீட்டுல பேசுற பேச்சா இது' என்று கேட்டுவிட்டு மாமா ஸ்க்ரூடிரைவரைத் தேடப் போய்விட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தது டைபாய்டு காய்ச்சலுக்கு என்று உன்னிடம் சொன்னோம். அது பொய். குடியை நிறுத்தத்தான் சேர்த்தோம். விசேஷ வீட்டில் ஒரு கிளாஸ் எடுப்பார், அவ்வளவுதான் என்று நீ நினைத்திருப்பாய். பிரிட்ஜ் ரிப்பேர் கடையை மூடியதே அதனால்தான். 'உன் தம்பிக்கு மட்டும் தெரியக்கூடாது' என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றியவர், உன் முன்னால் தலைகுனிந்து நிற்கமாட்டாராம். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மீறுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் இன்றுவரை அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை. இன்னொரு தடவை ஆரம்பித்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். உன் மேல் தப்பில்லை. சொல்லாமல் விட்டது நாங்கள்.

முதல் நாள் உள்ளே இருந்த ரப்பர் குழாயைக் கழற்றினார். பழைய பீர் வாடை வீடெல்லாம் பரவியது. குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அப்புறம் பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் துணி மடிக்கிற மாதிரி பாவனை செய்தேன். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்திருக்கிறேன். முகம் கழுவிவிட்டு வந்து, எல்லா ரப்பர் குழாயையும் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டார். புதுசு போட்டால்தான் சரிவரும் என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அதே வேலைதான். தலையில் இருந்த குழாயைப் பிரித்து, சோப்புத் தூள் கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் மூலைமூலையாகத் தேய்த்தார். வாஷர்களை மாற்றினார். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பெயின்ட் அடித்தார். கசிவு தெரிய, காஸ் இணைப்பில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று குழந்தை மாதிரி குனிந்து பார்த்தார். தம்பி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது டீ கிளாஸைக்கூட இரண்டு கையாலும் பிடித்தவர், இப்போது கடுகளவு ஸ்க்ரூவை நடுங்காமல் பிடிக்கிறார். பாட்டு வேறு முணுமுணுக்கிறார், சகிக்கவில்லை, ஆனாலும் காது குளிர்ந்தது. அந்த மெஷினைக் கண்டாலே பயமாக இருக்கிறது. அதைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

நேற்று வேலை முடிந்தது. தண்ணீர் நிரப்பி ஓடவிட்டு, முதல் கிளாஸை என்னிடம் நீட்டினார். பல் கூசும் குளிர்ச்சி. ஒரு வாடையும் இல்லை. நன்றாக இருக்கிறது என்றேன். குழாயைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: 'சனிக்கிழமை மச்சான் பீப்பாயோட வர்றான். மொத கிளாஸ் அவனுக்கு. அடுத்தது எனக்கு. ஒண்ணே ஒண்ணு.'

இந்த 'ஒண்ணே ஒண்ணு' கேட்டுத்தான் எனக்குப் பாதித் தலை நரைத்தது. தொட்டால் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. 'ஆசையா கொண்டாந்ததை வேண்டாம்னா ஏன்னு கேப்பான். நான் என்னத்தைச் சொல்ல' என்றார்.

அதனால் நீதான் ஒரு காரியம் செய்யவேண்டும். வந்ததும் வராததுமாக மாமாவிடம் ஒரு பொய் சொல். வயிற்றில் புண், டாக்டர் குடிக்கவே கூடாது என்றுவிட்டார் என்று சொல். தனியாகக் குடியை விடமுடியவில்லை, எனக்குத் துணையாக நீங்களும் விட்டுவிடுங்கள் மாமா என்று கேள். முகத்தைக் கொஞ்சம் பாவமாக வைத்துக்கொள், உனக்கு அது நன்றாக வரும். நான் சொன்னதாக மட்டும் தெரியவேண்டாம். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டால் அவர் அதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். நான் காலில் விழுந்து அழுதும் விடாதவர், நீ கேட்டால் விடுவார். அதில் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். இருந்துவிட்டுப் போகட்டும்.

பொய் சொல்லும் பாவம் என்னைச் சேரட்டும். நீ நூறு வயது நன்றாக இருப்பாய். சனிக்கிழமை வெறுங்கையோடு வா.

உன் அக்கா